எந்தப் புத்தகத்துக்கு எந்தப் பசை?

பட்டறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் "நல்ல பசையாப் பார்த்துப் போடுங்கண்ணே" என்பார்கள். மதுரையில் இருபத்தாறு வருஷமாக பைண்டிங் பார்க்கிறேன். நல்ல பசை என்று தனியாக ஒன்றை நான் பார்த்ததில்லை. என்ன தாள், எத்தனை வருஷம் இருக்க வேண்டும், எந்த மாதிரி கைகள் புரட்டப் போகின்றன என்று தெரிந்தால்தான் பசையைச் சொல்ல முடியும்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தன் ஊர்க் கோயிலைப் பற்றிப் புத்தகம் போட்டார். 300 பிரதி, முழுக்க வண்ணப் படங்கள், 130 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 130 கிராம் எடை) ஆர்ட் பேப்பர். வேறு இடத்தில் பெர்ஃபெக்ட் பைண்டிங், அதாவது தைக்காமல் முதுகில் பசையால் மட்டும் அட்டையோடு ஒட்டும் பைண்டிங், செய்திருந்தார்கள். சித்திரை வெயிலில் கார் டிக்கியில் ஒரு பகல் முழுக்கக் கிடந்திருக்கிறது. நடுவில் விரித்தேன், எட்டுப் பத்துத் தாள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டது. முதுகைப் பார்த்தால், பசை பிளாஸ்டிக் பட்டை மாதிரி அட்டையோடு அப்படியே நிற்கிறது. தாளின் ஓரத்தில் ஒரு பொட்டுப் பசைகூட இல்லை. கழன்ற பசைப்பட்டையில் தாளின் நார் ஒட்டியிருந்தால் பசை பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இது வழவழவென்று இருந்தது.

அது ஹாட்மெல்ட், அதாவது இவிஏ பசை. 160 முதல் 180 டிகிரி வரை சூடாக்கி உருக்கி முதுகில் தடவுவார்கள், சில நொடியில் இறுகிவிடும். மேப்லித்தோ என்கிற பூச்சில்லாத சாதாரணத் தாளில் அடிக்கிற நாவல், கைடு, கவிதைத் தொகுப்புக்கெல்லாம் இது போதும், விலையும் குறைவு. ஆனால் ஆர்ட் பேப்பரின் மேல் களிமண் பூச்சு உண்டு. முதுகை நன்றாகச் சுரண்டி நாரை வெளியே கொண்டுவராவிட்டால் பசை அந்தப் பூச்சோடு நின்றுவிடும். சூடு பட்டால் இளகும் குணமும் இவிஏவுக்கு உண்டு. மெஷினில் பசைத்தொட்டியை ஒருமுறை எட்டிப் பாருங்கள். நாள் கணக்கில் சூட்டில் காய்ந்து காய்ந்து கரும்பழுப்பாகிவிட்ட பசையில் பலம் இருக்காது.

ஆர்ட் பேப்பருக்கு, அதிலும் தடிமனான புத்தகத்துக்கு, பியுஆர் பசையைக் கேளுங்கள். காற்றிலும் தாளிலும் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும் பசை இது. ஒருமுறை இறுகிவிட்டால் வெயிலுக்கு இளகாது. மெல்லிசாகத் தடவினாலே பிடிக்கும் என்பதால் புத்தகம் நன்றாக விரியும். முழுப் பலம் வர ஒரு நாளாவது வேண்டும், அதற்குள் இழுத்துப் பார்த்துக் குறை சொல்லக் கூடாது. விலை அதிகம், உருகும்போது வரும் ஆவி மூச்சுக்கு ஆகாது, காற்றோட்டம் கட்டாயம் வேண்டும். ஐம்பது பிரதிக்காக யாரும் மெஷினில் பியுஆர் ஏற்ற மாட்டார்கள்.

சரி, கையால் பைண்டிங் செய்பவர்களுக்கு வெள்ளைப் பசைதான், பிவிஏ. எல்லாவற்றையும் ஃபெவிகால் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் மர வேலைக்கான வெள்ளைப் பசை காய்ந்தால் விறைத்துவிடும். முதுகோ ஒவ்வொரு தடவை புரட்டும்போதும் வளையும் இடம். அதனால் வாங்கியதும் ஒரு சோதனை: பிளாஸ்டிக் ஷீட்டின் மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மெல்லிசாகத் தடவி ஒரு நாள் காய விடுங்கள். உரித்தெடுத்து இரண்டாக மடித்து நகத்தால் அழுத்துங்கள். வெடித்தால் முதுகுக்கு வேண்டாம். ரப்பர் மாதிரி வளைந்து திரும்பினால் அதுதான் உங்களுக்கு.

தடவும் விதமும் முக்கியம். தாள்கட்டை ஒரு பக்கமாக விசிறி போல் சாய்த்துத் தடவி, பிறகு மறுபக்கம் சாய்த்துத் தடவினால் தாளுக்கும் தாளுக்கும் நடுவில் முடியளவு பசை இறங்கும். அந்தக் கோயில் புத்தகத்தை அப்படித்தான் காப்பாற்றினேன். பழைய பசையை வெட்டி எடுத்து, முதுகில் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கு ரம்பத்தால் கீறி, கீறலில் பருத்தி நூலைப் பதித்து, விசிறி முறையில் பசை தடவி, மேலே காடாத் துணி ஒட்டினேன். 300 பிரதிக்கும் இருபது நாள் ஆனது.

மைதா பசையை யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். மெதுவாகக் காய்வதால் அட்டையில் காலிக்கோவையும் (அட்டைமேல் ஒட்டும் பைண்டிங் துணி), அட்டையின் உட்புறம் ஒட்டும் ஓரத்தாளையும் நகர்த்தி நேராக்க நேரம் கிடைக்கும். பின்னாளில் பழுது பார்க்க வேண்டுமானால் ஈரத்துணி வைத்தாலே பிரிந்து வரும். ஆனால் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். அதிலுள்ள செம்பு காலப்போக்கில் தாளை அரித்துப் பழுப்பாக்குகிறது, நமக்கும் விஷம். வேண்டியதை மட்டும் காய்ச்சி இரண்டு நாளில் தீர்த்துவிடுகிறேன்.

இன்னொன்று. தாளின் நார் முதுகின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் தண்ணீர்ப் பசை பட்டதும் தாள் அலை அலையாகிவிடும், எந்தப் பசையும் அதைச் சரிசெய்யாது. அதே தாளில் ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள், எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அதுதான் நாரின் போக்கு. பேரன் பேத்தி காலம் வரை இருக்க வேண்டிய புத்தகமென்றால் ஃபாரம் ஃபாரமாக (மடித்த தாள்கட்டு ஒவ்வொன்றாக) நூல் தையல் போடுங்கள். பசை அங்கே துணைக்கு மட்டும்.

அச்சகத்தில் கொடுக்கும்போது அதே தாளில் இரண்டு டம்மி (மாதிரிப் பிரதி) கேட்டு வாங்குங்கள். ஒரு நாள் கழித்து நடுப்பக்கத்தை விரித்து, ஒரு தாளை மட்டும் பிடித்து நேராக மேலே இழுங்கள். தாள் கிழிந்தால் மொத்தப் பிரதிக்கும் சரி சொல்லலாம். கிழியாமல் முழுசாக உருவிக்கொண்டு வந்தால் பசையை மாற்றச் சொல்லுங்கள்.