விண்டோஸ் போட முன் ஹார்ட் டிஸ்க்கைத் தயார் செய்வது

பாவித்த கொம்பியூட்டர் என்றால் முதலில் டிஸ்க் நல்லதா என்று பாருங்கள். பழைய விண்டோஸ் ஓடும்போதே, டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் போதும். 05 (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்), சி5 (வாசிக்க முடியாமல் நிற்கும் இடங்கள்) என்ற இரு வரிகளின் கடைசி எண்ணும் பூச்சியமாக இருக்க வேண்டும். சி5 ஏறியிருந்தால் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு அந்த டிஸ்க்கைக் கைவிடுங்கள்; இன்ஸ்டோல் பாதியில் நிற்கும், பழி விண்டோஸ் போடும் பென் டிரைவில் விழும். சி7 (தரவு கடத்தலில் வந்த பிழைகள்) மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் பழுது டிஸ்க்கைப் போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளில்தான். வன்னிப் புழுதியில் மூடியில்லாமல் கிடந்த பெட்டி என்றால் தூசு தட்டி, கேபிளைக் கழற்றிப் பூட்டுங்கள். அந்த எண் குறையாது. மேலும் ஏறாவிட்டால் சரி.

பிரதி எடுக்கும்போது டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ் இரண்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். அவையும் சி டிரைவில்தான் இருக்கின்றன.

ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். டிஸ்க்கை முழுதாக அழிக்கையில் கரண்ட் போனால் திரும்பத் தொடங்கலாம். கோப்புகள் உள்ள பகுதியைச் சுருக்கும்போது போனால் அந்தக் கோப்புகளே போய்விடலாம்.

இனி விண்டோஸ் பென் டிரைவில் பூட் செய்து, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்துங்கள். வரும் கறுப்புப் பெட்டியில் ஆங்கிலத்தில் டிஸ்க்பார்ட், அடுத்து லிஸ்ட் டிஸ்க் என்று அடியுங்கள். இங்கே அவசரம் கூடாது. டிஸ்க் 0 என்பதே எப்போதும் நீங்கள் தேடும் டிஸ்க்காக இருக்காது, அளவைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்: 500 ஜிபி டிஸ்க் 465 என்றும், 256 ஜிபி எஸ்எஸ்டி 238 என்றும் தெரியும். பிரதி எடுத்த வெளி டிஸ்க் இன்னும் செருகியிருந்தால் உடனே கழற்றுங்கள். பிறகு செலக்ட் டிஸ்க் என்று அடித்து அதன் எண், அடுத்து கிளீன், கன்வேர்ட் ஜிபிடி (ஜிபிடி என்பது டிஸ்க்கின் பகுதிகளைப் பதிந்து வைக்கும் புதிய முறை). கிளீன் 'நிச்சயமா?' என்று கேட்காது. என்டர் தட்டியதும் பகுதிகள் எல்லாம் போய்விடும்.

கொம்பியூட்டரைத் தொடக்கும் புதிய முறையான யூஇஎஃப்ஐ உள்ள போர்டுக்கு ஜிபிடி. பழைய பயோஸ் மட்டும் உள்ளதற்கு எம்பிஆர் என்ற பழைய பதிவு முறை, அது 2 டிபிக்கு மேல் பிடிக்காது. ஜிபிடி ஆக்கியும் 'இந்த டிஸ்க்கில் போட முடியாது' என்று வந்தால், பென் டிரைவ் பழைய முறையில் பூட் ஆகியிருக்கும். பூட் மெனுவில் யூஇஎஃப்ஐ என்று தொடங்கும் வரியைத் தெரிவுசெய்யுங்கள். புதிய இன்டெல் லப்டொப்பில் டிஸ்க்கே தெரியாவிட்டால் ரப்பிட் ஸ்டோரேஜ் டிரைவரை ஏற்ற வேண்டும்.

500 ஜிபியில் சி டிரைவுக்கு 150 ஜிபி போதும். கறுப்புப் பெட்டியை மூடி இன்ஸ்டோலைத் தொடர்ந்து, டிஸ்க்கைத் தெரிவுசெய்யும் திரையில் நியூ அழுத்தி 153600 என்று கொடுங்கள், அங்கே கணக்கு எம்பியில். பூட் ஆகத் தேவையான சிறிய ஈஎஃப்ஐ பகுதியை விண்டோஸ் தானே உருவாக்கும், அதை அழிக்காதீர்கள். 256 ஜிபி எஸ்எஸ்டியைப் பிரிக்கவே வேண்டாம்: சி நிரம்பித் தவிக்கும், டி சும்மா கிடக்கும்.