கம்போட்டில் வீடு பார்க்க மழை நாளில் போங்கள்

நான் போடிநாயக்கனூர்க்காரி. மிளகு மூட்டை வாசத்தில் வளர்ந்தவள். கம்போடியாவின் தெற்கே ஆற்றோரத்தில் இருக்கும் கம்போட், மிளகுக்குப் பேர்போன ஊர். அதைப் பார்க்கத்தான் பத்து நாள் லீவில் வந்தேன். இங்கேயே தங்கிவிட்டேன், இது எனக்கு மூன்றாவது மழைக்காலம். தேனி, கம்பம் பக்கத்துக் கடைகளுக்கு இங்கிருந்தே ஜிஎஸ்டி கணக்கு போடுவது என் பிழைப்பு. "கம்பத்துல இருந்து கம்போட்டா?" என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்படி வந்து வேலை பார்க்க நினைப்பவர்கள் பலரும் ஜனவரியில் வருகிறார்கள். வெயில் இதமாக இருக்கும், ஆற்றுக்கு அப்பால் போகோர் மலை தெரியும், மர வீட்டுத் திண்ணையைப் பார்த்ததும் முன்பணம் கொடுத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். தகரக் கூரையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 20 வந்தது. 3பி என்கிற மாதாந்திர ஜிஎஸ்டி படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். சாயங்காலம் பிடித்த மழை விடவேயில்லை. கம்பத்து மளிகைக்கடைக்காரர் போனில் ஓடிபி சொல்கிறார். ஆறு எண்ணில் இரண்டுதான் காதில் விழுகிறது. "அக்கா, பறை அடிக்கிற இடத்துல உக்காந்திருக்கீங்களா?" என்கிறார். பிறகு கரண்ட் போனது, கூடவே வைஃபையும். போன் ஹாட்ஸ்பாட்டை வைத்து வேலையை முடித்தபோது எனக்கு நள்ளிரவு தாண்டி அரை மணி, அவருக்கு 11 மணி. அடுத்த மாதமே வீடு மாற்றினேன்.

அதனால் முதல் மாதம் விடுதியில் தங்குங்கள். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அதில் ஒரு நல்ல மழை நாளாகப் பார்த்து வீடு தேடுங்கள். தளம் போட்ட கூரையா, சுவரில் போன வருஷத் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, தெருவில் தண்ணீர் வடிய எவ்வளவு நேரமாகிறது என்பதெல்லாம் அன்றைக்குத்தான் தெரியும். மேஜை போடப்போகும் மூலையில் நின்று வீடியோ கால் பேசிப் பாருங்கள். ஸ்மார்ட், செல்கார்ட், மெட்ஃபோன் மூன்றில் இரண்டு சிம் வைத்திருப்பது நல்லது. கரண்டுக்கு யூனிட்டுக்கு எத்தனை ரியல் (கம்போடியக் காசு) என்று வீட்டுக்காரரிடம் முன்னாடியே கேட்டுவிடுங்கள். ஏசி ஓடினால் வாடகையை விட அதுதான் உறுத்தும்.

ஊரிலிருந்து கிளம்பும்போதே இந்திய சிம்மில் ரோமிங் போட்டுவிடுங்கள். பேங்க் ஓடிபி வராமல் தவித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

விசா விஷயத்தில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சுற்றுலா விசாவை ஒரே ஒரு மாதம்தான் நீட்டிக்க முடியும். வேலை, தொழில் என்று வருபவர்கள் எடுக்கும் 'இ' வகை விசா வாங்கினால் வந்த பிறகு 1, 3, 6, 12 மாதம் என்று நீட்டிக்கொள்ளலாம். நீங்கள் தங்கியிருப்பதை வீட்டுக்காரர் குடிவரவுத் துறையில் பதிந்திருக்க வேண்டும். விசா கெடு தாண்டினால் நாளுக்கு 10 டாலர் அபராதம்.

காசு இரண்டு வகை. பெரிய தொகை டாலரில், சில்லறை ரியலில். டாலருக்குச் சுமார் 4,000 ரியல் என்று கடையில் கணக்குப் போடுவார்கள். ஓரம் கிழிந்த டாலரை யாரும் வாங்கமாட்டார்கள். உங்களிடம் தள்ளிவிடப் பார்ப்பார்கள், அங்கேயே திருப்பிக் கொடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை, அசைவம் சாப்பிடுவீர்கள் என்றால். காலையில் விற்கும் நும் பான்சோக் நம் இடியாப்பத்துக்குச் சித்தப்பா பிள்ளை. மேலே மீன் குழம்பு. சைவக்காரர்கள் "அத் யோக் சாச்" என்றால் கறி போடமாட்டார்கள், ஆனால் மீன் சாஸ் போட்டுவிடுவார்கள். அது அவர்களுக்கு உப்பு மாதிரி. துவரம் பருப்பைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வாருங்கள். மிளகு வேண்டாம். 2010-லேயே புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு இங்கே கிடைக்கும்போது சுமப்பானேன்? கொடி மட்டும் நம் மலையில்போல மரத்தில் ஏறாமல் நட்ட கம்பத்தில் ஏறுகிறது. அப்பா போட்டோவைப் பார்த்துவிட்டு, "நிழலே இல்லாம எப்படிப் பிழைக்குது?" என்றார். தென்னங்கீற்று வேய்ந்த பந்தலைக் காட்டியதும்தான் சமாதானமானார்.

நேரம் நம் பக்கம். இந்தியாவை விட ஒன்றரை மணி நேரம் முன்னால் என்பதால், ஊரில் பத்து மணிக்குக் கடை திறக்கும்போது இங்கே பதினொன்றரை. காலை முழுக்க உங்களுடையது. சந்தை, ஆற்றில் குளியல், துணி எல்லாம் அதற்குள் முடித்துவிடலாம். பதிலுக்கு ராத்திரி எட்டு, ஒன்பது வரை போன் அடிக்கும்.

மழை விட்டால் கல்யாண சீசன். தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, விடியும் முன்பே ஸ்பீக்கர் அலறும். ஆடி மாசம் அம்மன் கோயில் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்குப் புதிதல்ல. சண்டைக்குப் போகாதீர்கள். வயதில் மூத்தவர் ஆணோ பெண்ணோ, "போங்" (அண்ணன், அக்கா இரண்டுக்கும் இங்கே அதுதான்) என்று கூப்பிட்டு, எத்தனை நாள் நடக்கும் என்று கேட்டு, மீட்டிங்கைத் தள்ளி வையுங்கள். உங்களையும் அழைப்பார்கள். பணத்தைக் கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். இவர்கள் பேசும் கெமெர் மொழியில் ஒன்று என்ற எண்ணுக்கு "மொய்" என்று பெயர். முதல் கல்யாணத்தில் அதைச் சொல்லி நான் தனியாகச் சிரித்ததை வீட்டுக்கார அம்மாவுக்கு இன்னும் விளக்க முடியவில்லை.