ஷாங்காயிலிருந்து யாங்ஷானுக்கு: டோங்ஹாய் பாலத்தைக் கடப்பது எப்படி?

ஷாங்காய்க் கரையைக் கடலிலுள்ள யாங்ஷான் தீவுத் துறைமுகத்தோடு இணைக்கும் டோங்ஹாய் பாலத்தைக் காண விரும்புவோர், அது நின்று வேடிக்கை பார்க்கும் இடமன்று என்பதை முதலிலேயே அறிந்துகொள்வது நல்லது. அதில் நடந்து செல்லவோ, மிதிவண்டியில் போகவோ, வழியில் வண்டியை நிறுத்தவோ அனுமதியில்லை. மறுமுனையிலுள்ள யாங்ஷான் துறைமுகத்தின் சரக்கு முனையங்களும் பொதுமக்களுக்குத் திறந்தவையல்ல. சர்வதேச ஓட்டுநர் உரிமத்தைச் சீனா ஏற்பதில்லை என்பதால், வாடகைக் காரைத் தாமே ஓட்டிச் செல்லும் எண்ணத்தையும் கைவிட்டுவிடலாம்.

எஞ்சியிருக்கும் எளிய வழி, அதே கடற்பகுதியிலுள்ள ஷெங்ஸி தீவுகளுக்குச் செல்லும் பயணிகளோடு சேர்ந்துகொள்வதே. ஷாங்காய் நகரில் நான்பு பாலத்தருகே உள்ள நிலையத்திலிருந்து புறப்படும் பேருந்து, பாலத்தின் வழியே கடலைக் கடந்து, மறுமுனையிலுள்ள ஷென்ஜியாவான் படகுத்துறையில் இறக்கிவிடும், அங்கிருந்து கப்பல். இரண்டுக்கும் சேர்த்தே பயணச்சீட்டு எடுப்பது வழக்கமாதலால், தீவில் ஓர் இரவு தங்குவதாகத் திட்டமிடுங்கள். கடவுச்சீட்டின் அசலைக் கையில் வைத்திருங்கள், நகல் உதவாது.

இடப்பக்க ஜன்னல் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். கரையை விட்டு நீங்கியபின், 2010-இல் நிறுவி முடிக்கப்பட்ட காற்றாலைகள் அப்பக்கம்தான் கடலுக்குள் வரிசையாக நிற்கும்: மொத்தம் 34, ஒவ்வொன்றும் 3 மெகாவாட். நீலக்கடலை எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு ஏமாற்றமே. கீழே தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் கலங்கிக் கிடக்கும். ஆனால் பாலம் பிறந்த காரணமே அந்தக் கலங்கலில்தான் இருக்கிறது. யாங்சே ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலால் முகத்துவாரம் ஆழம் குறைந்திருக்க, பெருங்கப்பல்களுக்கு வேண்டிய 15 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் யாங்ஷான் தீவுகளை ஒட்டியே கிடைத்தது. எனவே 2002-இல் பணி தொடங்கி, 32.5 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறுவழிப் பாலத்தைக் கட்டி, 2005 டிசம்பர் 10 அன்று துறைமுகத்தின் முதற்கட்டத்தோடு சேர்த்தே திறந்தார்கள். பாலத்தில் இருப்புப்பாதை இல்லை. ஆகவே தரைவழியாக வரும் கொள்கலன்கள் அனைத்தும் லாரியில்தான் கடக்க வேண்டும். உங்கள் பேருந்தைச் சூழ்ந்து ஓடும் லாரிக் கூட்டத்துக்கு அதுவே காரணம்.

பாலம் நேர்கோட்டில் செல்லாமல் வளைந்து செல்வதால், வளைவு வரும் இடங்களில் முன்னே நோக்கினால் தூண்வரிசை நெடுந்தூரம் நீண்டு தெரியும். வடங்கள் தாங்கும் 420 மீட்டர் அகலத் திறப்பின் அடியில் கப்பல்கள் கடந்து செல்ல 40 மீட்டர் உயர இடைவெளி விடப்பட்டிருக்கிறது. படம் எடுக்க எண்ணினால் கைபேசியை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள், பேருந்து அவ்விடத்தைச் சட்டென்று தாண்டிவிடும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் அலட்சியம் கூடாது. வசந்தகாலத்தில் கடல்மூடுபனியும் கோடையில் சூறாவளியும் தொல்லை தரும். அக்டோபர், நவம்பர் மாதங்களே ஏற்றவை. காற்று மிகுந்தால் கப்பல் நின்றுவிடும், தீவில் இருப்பவர்கள் அங்கேயே காத்திருக்க நேரிடும். ஆகவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்பாக ஒரு நாளையாவது வெறுமையாக விட்டுவையுங்கள்.