இரவு ஒன்பது மணி ஜாஸ்: சமுதாய வானொலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தம்பி, மேளம் அடிக்கிறவரை மட்டும் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்களா?"

நல்லம்பள்ளியில் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா இரவு ஒன்பதரைக்குப் போன் செய்து இப்படிக் கேட்டார். தருமபுரியில் நாங்கள் சிலர் சம்பளம் இல்லாமல் நடத்தும் சிறிய சமுதாய வானொலி அது. இரவில் ஒரு மணி நேரம் ஜாஸ் என்ற அமெரிக்க இசையைப் போடுவது என் பொறுப்பு. "ஜாஸ் அப்படித்தான் அக்கா, பழகப் பழகப் புரியும்" என்று பெரிய மனிதத் தோரணையில் சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் பார்த்தால் கோளாறு எங்கள் வயரில். 1960களின் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பலவற்றில் சாக்ஸபோனை ஒரு பக்கத்திலும் டிரம்ஸை மறுபக்கத்திலும் ஒதுக்கிப் பதிவு செய்திருப்பார்கள். நாங்களோ ஒலி கலக்கும் மிக்சரின் ஒரு பக்க வெளியீட்டை மட்டும் டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுத்திருந்தோம். சினிமாப் பாட்டில் பாடகர் குரல் இரண்டு பக்கமும் சமமாக வரும் என்பதால் மாதக்கணக்கில் எவருக்கும் தெரியவில்லை. இரண்டு பக்கத்தையும் கலந்து மோனோவாக அனுப்புங்கள். 50 வாட் டிரான்ஸ்மிட்டருக்கு அதுதான் பொருத்தம். அலை மெலியும் தூரத்தில் ஸ்டீரியோ இரைச்சலாகிவிடும், மோனோ தாக்குப்பிடிக்கும். கேட்பவர் கையில் இருப்பதும் பெரும்பாலும் ஒற்றை ஸ்பீக்கர்தான்.

வயரை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிட்டோம். நான் சொன்ன பதில்தான் பெரிய தவறு. ஊர்க்காரர்களுக்கு இந்த இசை எட்டாது என்று முன்கூட்டியே முடிவு கட்டிக்கொண்டால் அதன் பிறகு செய்வதெல்லாம் கோணலாகத்தான் போகும்.

எட்டாது என்று நினைப்பதால்தான் அறிவிப்பாளர் வகுப்பெடுக்கிறார். தட்டு வெளியான ஆண்டு, கம்பெனி, வாசித்தவர்களின் பூர்வீகம் என்று நான்கு நிமிடம். இசை தொடங்கும்போது கேட்பவர் வேறு அலைவரிசைக்குப் போயிருப்பார். கவனிக்க வேண்டிய ஒன்றை மட்டும் சொன்னால் போதும். "முதலில் வரும் மெட்டு கடைசியில் திரும்ப வரும், நடுவில் அவரவர் கற்பனை" என்றாலே பாதி வழி காட்டியாகிவிட்டது.

"அமெரிக்காவின் கர்நாடக சங்கீதம்" என்று அறிமுகம் செய்வதும் எனக்கு ஒப்பாது. ஆலாபனையில் தாளம் இல்லை, ராகம்தான் எல்லை. ஜாஸில் தனியாக வாசிப்பவருக்கு அடியில் 12 அல்லது 32 அளவுகள், அதாவது தாளக் கட்டங்கள், கொண்ட சுர அடுக்குச் சுற்று (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டுகளின் வரிசை) ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்; அவர் அதன் மேல் ஏறித்தான் போக வேண்டும். உறவு சொல்லியே ஆக வேண்டுமானால் சபாவைவிடத் தெரு பக்கத்தில் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை இது. அங்கே சவ ஊர்வலத்தில் பேண்டு வாசிப்பார்கள். போகும்போது மெதுவான துக்க இசை, அடக்கம் முடிந்து திரும்பும்போது ஆட்டம் போட வைக்கும் இசை. சாவு வீட்டில் மேளம் கேட்டு வளர்ந்த ஊருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா? நட்சத்திர ஓட்டல் வரவேற்பறை இசை என்ற பெயர் அதற்குப் பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

ஒருமுறை கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பம்பைக் கலைஞர் ஒருவர் பேட்டிக்கு வந்து காத்திருந்தார். உள்ளே அமெரிக்கப் பியானோ கலைஞர் டேவ் புருபெக் குழுவின் 'டேக் ஃபைவ்' ஓடிக்கொண்டிருந்தது. அளவுக்கு ஐந்து எண்ணிக்கை கொண்ட இசை. அவர் விரல் நாற்காலிக் கையில் "தகிட தக, தகிட தக" என்று போய்க்கொண்டிருந்தது. "ஐந்துதானே?" என்றார். நான் தயாரித்து வைத்திருந்த முன்னுரையைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்தது கத்தரிப்பு. ஒன்பது நிமிட இசையை நான்காவது நிமிடத்தில் தணித்து உரக்கடை விளம்பரம் விடுவது பாவம். சமுதாய வானொலி விதி மணிக்கு 12 நிமிட விளம்பரத்துக்கு இடம் தருகிறது. அதை இரண்டு இசைகளுக்கு நடுவே வைத்துக்கொள்ளலாம். கணினியில் மௌனம் கண்டறியும் வசதி இருந்தால் அந்த ஒரு மணி நேரத்துக்காவது அதன் பொறுமையைக் கூட்டி வையுங்கள். பேஸ் என்ற கீழ்ச்சுரத் தந்திக் கருவியை வாசிப்பவர் தனியாக, மெல்ல வாசிக்கும்போது ஒலிபரப்பு நின்றுவிட்டதாக நினைத்து அது குத்துப்பாட்டைத் தொடங்கிவிடும். எங்களுக்கு நடந்தது.

"பழைய தட்டுதானே, யார் கேட்கப் போகிறார்கள்?" என்பது ஆபத்தான பேச்சு. லாப நோக்கமற்ற நிலையம் என்பதாலேயே காப்புரிமை விலகிவிடாது. இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். மெட்டுக்கு, அமைத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். இரண்டும் தனித்தனிக் கணக்கு. 'டேக் ஃபைவ்' பதிவு 1959இல் வெளியானது, அந்தக் கெடு 2019உடன் முடிந்தது. மெட்டமைத்த பால் டெஸ்மண்ட் இறந்தது 1977இல்; ஆகவே மெட்டுக்கு 2037 முடியும்வரை உரிமை உண்டு. அவர் தன் இசை வருமானத்தை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனவர். உரிமத் தொகை கட்டும்போது இதை நினைத்துக்கொண்டால் மனம் கொஞ்சம் ஆறும்.

நாள் முழுக்க ஜாஸ் என்று கனவு காண்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதி, உள்ளூர் மக்கள் பங்கேற்று உருவாக்கியவையாக இருக்க வேண்டும் என்பது சமுதாய வானொலிக்கு அனுமதி தரும்போதே வைக்கும் நிபந்தனை. தக்காளி விலையும் தடுப்பூசி முகாமும் போகத்தான் ஜாஸ்.

ஒலிபரப்பிய எல்லாவற்றையும் மூன்று மாதம் பாதுகாக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. பலரும் சேமிக்கிறார்கள், திரும்பப் போட்டுக் கேட்பதில்லை. நல்லம்பள்ளி அக்கா பேசிய இரவின் பதிவைக் கேட்டதால்தான் எங்கள் வயர்க் கோளாறே பிடிபட்டது. ஏழு நிமிடம் வெறும் டிரம்ஸ், தூரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் சாக்ஸபோனின் நிழல். போன் வந்த நேரத்தைப் பார்த்தேன். அந்த ஏழு நிமிடத்தையும் முழுதாகக் கேட்டு முடித்துவிட்டுத்தான் அக்கா எங்களை அழைத்திருக்கிறார்.