நர்ஸை வைத்து காமெடி எழுதுகிறீர்களா? இந்தத் தப்புகள் வேண்டாம்

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் கிளப் ஆண்டு விழா ஸ்கிட் என்றால் ஆஸ்பத்திரி சீன் ஒன்று வந்துவிடும். லிப்ஸ்டிக் பூசிய பையன் ஒருவன் நர்ஸாக வருவான், கையில் முழ நீளத்துக்கு ஊசி. அதைப் பார்த்து விசிலடிக்கிற அதே ஆள்தான் நாளைக்கு அப்பாவை அட்மிட் பண்ணிவிட்டு வார்டில் நிற்கிற நர்ஸிடமும் அந்தத் தோரணையில் பேசுவான். எனக்குக் கடுப்பே அங்கேதான்.

முதல் தப்பு, நர்ஸின் உடம்பை ஜோக்காக்குவது. அந்தக் குட்டைப் பாவாடை எந்த வார்டில் இருக்கிறது, சொல்லுங்கள்? அடுத்தது மலையாள வாடையில் தமிழ் பேச வைத்துச் சிரிக்கிறது. கேரள எல்லையில் இருக்கிற பாறசாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறோம், இதில் யாரை யார் கிண்டல் பண்ணுவது?

பெரிய தப்பு, டாக்டர் பின்னால் தட்டு தூக்கி வருகிற ஆளாகக் காட்டுவது. சரியான நோயாளியா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான நேரமா, எந்த வழியாகக் கொடுப்பது என்று ஒவ்வொரு டோஸுக்கும் பார்க்கிறவர் நர்ஸ். சார்ட்டில் டாக்டர் தவறிப்போய் எழுதியது பல சமயம் அவர் கண்ணில்தான் மாட்டும். உண்மையான காமெடியும் அங்கேதான் கிடக்கிறது: பாதி பாட்டில் மீதி இருக்கும்போதே "சிஸ்டரே, டிரிப்ஸ் முடிஞ்சு போச்சு" என்று ஓடிவருகிற, நோயாளிக்குத் துணையிருக்கிற பைஸ்டாண்டர், ஒரு பாஸை வைத்துக்கொண்டு உள்ளே நுழையப் பார்க்கிற எட்டு சொந்தக்காரர்கள், ஃபேன் ஓடாததற்கும் பில் கூடியதற்கும் நர்ஸிடமே சண்டை பிடிக்கிற மாமா. இதையெல்லாம் விட்டுவிட்டு ஊசியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா?

நையாண்டியே கூடாது என்று சொல்லவில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-44இல் தொடராக எழுதிய 'மார்ட்டின் சஸில்விட்' நாவலில் சேரி கேம்ப் என்று ஒரு குடிகார நர்ஸ் வருவாள். பயிற்சியே இல்லாமல் நோயாளியைப் பார்த்துக்கொண்ட காலம் அது, அந்த அடி விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. லண்டனில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் நர்ஸ்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியதே 1860இல்தான். நான்கு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் படித்துவிட்டு வருகிறவர் மேலும் இன்றைக்கு அதே அடியைப் போடுவது சோம்பேறித்தனம். சிடுசிடுக்கிற நர்ஸ் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அப்போது அந்த ஷிஃப்டில் எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் என்பதையும் சீனில் வையுங்கள், சிரிப்பு நிர்வாகத்தின் பக்கம் தானாகத் திரும்பும்.

கடைசி சீனில் மெழுகுவர்த்தி ஏற்றி "தேவதை" ஆக்குகிற தப்பும் உண்டு. தேவதைக்குச் சம்பளம் எதற்கு, லீவ் எதற்கு? 2018 ஏப்ரலில் கேரள அரசு தனியார் ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 20,000 ரூபாய் என்று அறிவித்தது, அதற்கே அவர்கள் பலமுறை போராட வேண்டியிருந்தது. அடுத்த மாதமே நிபா நோயாளியைக் கவனித்த பேராம்பிரை தாலுகா ஆஸ்பத்திரி நர்ஸ் லினி இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி போட்டவர்களில் எத்தனை பேர் முந்தின மாதத்துச் சம்பளப் பேச்சைக் கவனித்திருப்பார்கள்?

அப்புறம், ஆண் நர்ஸ் என்றாலே நளினமாக நடக்க வைப்பது. அதையும் வெட்டிவிடுங்கள்.

எழுதி முடித்ததும் ஸ்கிரிப்டைத் தெரிந்த நர்ஸ் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நைட் டியூட்டி முடித்து வந்த காலையில் மட்டும் வேண்டாம்.