பாதைத் தகராறு: கேஸ் போடுவதற்கு முன்பே தோற்கும் இடங்கள்

நெல் முற்றிச் சாய்கிறது, அறுவடை வண்டி ரோட்டிலேயே நிற்கிறது, நேற்றுவரை போய்வந்த தடத்தில் முள்வேலி. ஆத்திரத்தில் அந்த வேலியைப் பிடுங்கி எறியாதீர்கள். பாதை பொதுப்பாதையாகவே இருந்தாலும் போலீஸ் புகார் உங்கள்மேல் வரும். மறித்தவர் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார்.

எந்த வகைப் பாதை என்று பார்க்காமல் மனு எழுதுவதில்தான் பலருக்கு வருடங்கள் வீணாகின்றன. முதலில் 'அ' பதிவேட்டைப் (கிராமத்து நிலங்களின் வகையைச் சொல்லும் வருவாய்ப் பதிவேடு) பாருங்கள். பாதைக்குத் தனி சர்வே எண் அல்லது உட்பிரிவு இருந்து, 'வண்டிப்பாதை புறம்போக்கு' என்றிருந்தால் அது அரசு நிலம். 1905-ஆம் ஆண்டு தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து அகற்றுவது வருவாய்த் துறையின் வேலை. தாசில்தாரிடம் மனு கொடுங்கள், கோர்ட் கட்டணம் இல்லை. பட்டா நிலத்துக்குள் புலப்படத்தில் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) விட்டுவிட்டுப் போட்ட கோடு மட்டும் ஓடினால், அது பாதை இருந்ததற்கு ஆதாரம், அவ்வளவுதான்.

பொதுப்பாதை மறிக்கப்பட்டால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆவது பிரிவில் (பழைய சட்டத்தில் 133) மனு போடலாம். ஆனால் எதிர்த்தரப்பு 'இது பொதுப்பாதையே இல்லை' என்று நம்பத்தகுந்த ஆதாரம் காட்டினால், சிவில் கோர்ட் முடிவு வரும்வரை அந்த விசாரணை நின்றுவிடும். ஊர்க்காரர்கள் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

தனிப்பட்ட பாதை உரிமை என்றால் மூலப்பத்திரத்தைக் கடைசி வரிவரை படியுங்கள். சொத்து விவரத்தின் முடிவில் 'வண்டி வாகனம், ஆடு மாடு போய்வர மாமூல் தட பாத்தியம் உட்பட' என்று ஒரு வரி இருக்கும். பரப்பையும் நான்கெல்லையையும் பார்த்துவிட்டு மூடிவைக்கிறோம். அடுத்த கிரயத்தில் அந்த வரி விட்டுப்போகிறது.

பத்திரத்தில் இல்லையென்றால், அடுத்தவர் நிலத்தைப் பாதைபோலப் பயன்படுத்தும் உரிமையைப் பேசும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். 20 வருடம் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாகப் பயன்படுத்தியிருக்க வேண்டும். 'அண்ணே, கொஞ்சம் போய்க்கிறேன்' என்று கேட்டுப் போனது கணக்கில் வராது. அந்த 20 வருடப் பயன்பாடு முடிந்த நாள், வழக்குப் போடுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் இருக்க வேண்டும்; அதாவது பாதையை மறித்தால் 2 வருடத்துக்குள் வழக்குப் போட்டாக வேண்டும். பஞ்சாயத்துப் பேசியே இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. பேசுங்கள், ஆனால் காலண்டரில் ஒரு கண் இருக்கட்டும்.

செலவைப் பற்றிப் பயப்படும் இடமும் தவறு. தமிழ்நாட்டில் கோர்ட் கட்டண விகிதம் 2017-இல் வழக்கு மதிப்பில் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. பணம் போவது வக்கீலுக்கும், அளவைக்கும், வருடக்கணக்கான வாய்தாவுக்கும்தான். இதில் மிச்சம் பிடிக்கக்கூடாதது வக்கீல் கமிஷனர் (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் நியமிக்கும் வக்கீல்) செலவு. சக்கரம் பதிந்து இறுகிய தடமும் அதன் ஓரத்துப் பழைய வேலிக்காலும் ஒரே உழவில் காணாமல் போகும். வழக்குப் போடும் அன்றே கமிஷனர் மனுவையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். அரசையும் எதிர்வாதியாகச் சேர்ப்பதானால் 2 மாத முன்னறிவிப்பு தேவை. அவசரமென்றால் கோர்ட் அனுமதி கேட்கலாம்.

பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே தாலுகா சட்டப்பணிக் குழுவில் இலவச வக்கீல் உண்டு. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) சமரசமானால் கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அங்கே 'வழக்கம்போல் பாதை விட வேண்டியது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். அகலம் எத்தனை அடி, எந்த வரப்பிலிருந்து எந்த வரப்புவரை, டிராக்டர் போகலாமா என்பதை எழுதி, வரைபடம் இணைத்து, கல் நட்டபிறகு போடுங்கள்.