ஒரே பயணத்தில் நாகூரும் வேளாங்கண்ணியும்

நாகூர் ஆண்டவருக்கும் வேளாங்கண்ணி மாதாவுக்கும் சேர்த்து நேர்ந்துகொள்கிற குடும்பங்கள் டெல்டாவில் ஏராளம். இரண்டு ஊருக்கும் நடுவில் நாகப்பட்டினம். அங்கிருந்து வடக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் நாகூர், தெற்கே சுமார் 12 கிலோமீட்டரில் வேளாங்கண்ணி. நாகை பேருந்து நிலையத்தில் இரு பக்கமும் டவுன் பஸ் கிடைக்கும். ரயிலில் வருகிறவர்களுக்கு நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் நிலையம் உண்டு. வேளாங்கண்ணி கிளைப்பாதையில் வண்டிகள் குறைவு என்பதால் நாகையில் இறங்கி பஸ் ஏறுவதே வசதி. தூரத்தால் யாருக்கும் பயணம் கெடுவதில்லை. கெடுவது நாள் கணக்கிலும் நேரக் கணக்கிலும்தான்.

முதலில் நாள். வேளாங்கண்ணித் திருவிழா ஆங்கிலத் தேதிப்படி நடப்பது. ஆகஸ்ட் 29 மாலை கொடியேற்றம், செப்டம்பர் 7 இரவு பெரிய தேர், 8ஆம் தேதி மாதா பிறந்தநாள். நாகூர் தர்காவில் நடக்கும் கந்தூரி விழா பிறைக் கணக்கு. ஜமாதுல் ஆகிர் என்ற இஸ்லாமிய மாதத்தின் முதல் பிறையில் கொடியேறி 14 நாள் நடக்கும், ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே வரும். போன வருடத் தேதியைப் பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டு, வந்து வெறும் பந்தல் காலைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் உண்டு. சில ஆண்டுகளாகக் கந்தூரி நவம்பர், டிசம்பர் வாக்கில் விழுகிறது. வடகிழக்குப் பருவமழையும் புயலும் நாகையைத் தேடிவரும் மாதங்கள் அவை. குடையோடு, ஒரு நாள் கூடுதலாகத் தங்கப் பணமும் கையில் இருக்கட்டும்.

பிறைக் கணக்கில் இன்னொரு சிக்கல். நாள் மாறுவது நள்ளிரவில் அல்ல, மக்ரிபில், அதாவது சூரியன் மறைந்ததும். ஆகவே நாகூரில் 'வெள்ளி இரவு' என்றால் நம் காலண்டரில் வியாழன் இரவு. வாரந்தோறும் கூட்டம் திரளுவது அன்றைக்குத்தான். வெள்ளி இரவுக்கு வரச் சொன்னார்களே என்று வெள்ளிக்கிழமை மாலை வந்து இறங்கினால் கூட்டம் கலைந்திருக்கும். நெரிசல் வேண்டாதவருக்கு அதுவே நல்லது, அது வேறு. கந்தூரியின் சந்தனக்கூடு ஊர்வலமும் இப்படித்தான். பிறை 10 என்றால் அதற்கு முந்தைய மாலையே இரவு தொடங்கிவிடும். கூடு நாகையிலிருந்து புறப்பட்டு விடியும் முன் நாகூர் வந்து சேரும். அந்த இரவு இரு ஊருக்கும் இடைப்பட்ட சாலையில் வண்டி ஓட்டிக் கடப்பதை மறந்துவிடுங்கள். பொழுதிருக்கும்போதே நாகூருக்குள் வந்துவிட வேண்டும்.

சாதாரண நாளில் ஒரே நாளில் இரண்டையும் முடிக்க நினைப்பவர் விடிகாலையில் வேளாங்கண்ணி, மாலையில் நாகூர் என்று வைத்துக்கொள்வது நல்லது. காரணம் மணல். வேளாங்கண்ணியில் பேராலயத்தின் பின்புறமிருந்து மாதா குளம் வரை முழங்காலிட்டுப் போகும் நேர்ச்சை மணல் பாதையில் நடக்கிறது. ஒன்பது மணிக்கு மேல் மணல் சுடத் தொடங்கும். பாதி வழியில் எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் தாமதமாகத் தொடங்கியவர்கள். ஆறு மணிக்குள் தொடங்குங்கள். முழங்காலைச் சுற்றிப் பருத்தித் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளலாம், அதனால் நேர்ச்சைக்கு ஒரு குறையும் வராது. பாலியெஸ்டர் துணி வழுக்கித் தோலை உரிக்கும். கூட வருகிறவர் கையில் தண்ணீர் இருக்க வேண்டும்.

பூசை பல மொழிகளில் நடக்கும், தமிழ்ப் பூசை நேரத்தை ஆலய அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். கிறிஸ்தவர் அல்லாதவரும் உள்ளே உட்காரலாம். ஆனால் நற்கருணை வாங்கும் வரிசையைப் பிரசாத வரிசை என்று நினைத்து நின்றுவிடக் கூடாது. அது திருமுழுக்குப் பெற்ற கத்தோலிக்கர்களுக்கு உரியது. இடத்திலேயே அமர்ந்திருந்தால் போதும், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

மொட்டை இரண்டு இடத்திலும் உண்டு, ஒரு தலைக்கு ஒரு மொட்டைதான் என்பதால் எங்கே என்று வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். எங்கே என்றாலும் புது பிளேடை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். வேளாங்கண்ணியில் மொட்டை போட்டு உடனே கடலில் முங்குவது வழக்கம். கீறல் பட்ட தலையில் உப்புத் தண்ணீர் எரியும், கைக்குழந்தை வீரிட்டு அழும். குழந்தைக்குக் கடல் தண்ணீரைக் காலில் தொட்டுவிட்டு நல்ல தண்ணீரில் தலையைக் கழுவி, பிறகு சந்தனம் பூசுங்கள். பெரியவர்களும் முழங்கால் ஆழத்தைத் தாண்ட வேண்டாம். இந்தக் கரையில் அலை இழுப்பு அதிகம்.

மதியம் சாப்பிட்டு ஓய்வெடுத்து நாலு மணிக்குப் புறப்பட்டால் மக்ரிபுக்கு முன் நாகூர். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயர்ந்தது 131 அடி. கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அதைப் பார்த்துக்கொண்டே போனால் வழி கேட்க வேண்டியதில்லை. வாசலில் செருப்பை விட்டதும் தலையை மூடுங்கள். ஆண்களுக்குத் தொப்பியோ கைக்குட்டையோ போதும், பெண்களுக்கு முந்தானையோ துப்பட்டாவோ. அரைக்கால் சட்டை வேண்டாம். வளாகத்தில் தொழுதுகொண்டிருப்பவரின் முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது, சுற்றிப் போங்கள். அடக்கத் தலத்தின் உள்கதவு எந்நேரமும் திறந்திருப்பதில்லை. போனதும் முதல் வேலையாகத் திறக்கும் நேரத்தைக் கேட்டுவிட்டு, அதற்குள் குளத்துக்கோ கடைத்தெருவுக்கோ போய் வரலாம். வெளியே வரும்போது ஆண்டவருக்கு முதுகு காட்டாமல் பின்னடி வைத்து வருவது மரபு. பின்னால் படி இருக்கிறதா என்று ஒரு கண் இருக்கட்டும்.

பாத்திஹா ஓதி வேண்டிக்கொள்வதற்குச் சர்க்கரை, பூ, ஊதுவத்தி போதும். ஓதித் தர ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் கூப்பிடுவார்கள். ஒருவரிடம் மட்டும் பேசி, எவ்வளவு என்று ஓதுவதற்கு முன்பே கேளுங்கள். ஓதி முடித்த பிறகு தொகை பேசினால் வாக்குவாதமாகும், வந்த மனநிலையும் போய்விடும். யார் பெயருக்கு ஓத வேண்டும் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தால் அவசரத்தில் பாட்டி பெயர் விட்டுப் போகாது. உண்டியலில் போட நினைப்பதைத் தனி உறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கை, கால், கண், வீடு, தொட்டில் வடிவில் அடித்த தகட்டுக் காணிக்கை இரண்டு ஊரிலும் விற்கும். பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். விற்பவர் வெள்ளி என்று சொன்னால் எடைபோட்டுக் கேளுங்கள், பெரும்பாலானவை வெள்ளி நிறத் தகடுதான். வேண்டுதல் கை குணமாக என்றால் கைத் தகடு. வாங்கிய கடையருகிலேயே யாராவது போட்டுவிடுகிறேன் என்று கை நீட்டினால் கொடுக்காமல் நீங்களே உள்ளே கொண்டு போய்ச் சேர்த்துவிடுங்கள்.

மாதா குளத்துத் தண்ணீரையும் எண்ணெயையும் எடுத்துப் போக, கடையில் விற்கும் மெல்லிய புட்டி வேண்டாம், பஸ் குலுக்கலில் மூடி கழன்று துணியெல்லாம் ஊறிவிடும். வீட்டிலிருந்தே திருகு மூடிப் புட்டி இரண்டு கொண்டுவந்து, மூடிக்கு அடியில் பாலித்தீன் துண்டு வைத்துத் திருகுங்கள். இரவே ஊர் திரும்புவதென்றால் நாகூரில் இஷா என்ற இரவுத் தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வருமுன் ஆட்டோ பிடித்து நாகை பேருந்து நிலையம் போய்விடுங்கள். பிறகு எல்லோரும் ஒரே ஆட்டோவுக்குத்தான் ஓடுவார்கள்.